பத்து பிளை டயரும் 35 பி.எஸ்.ஐ. காற்றும்

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். டாலஸ் பக்கத்தில் இருக்கிறீர்கள். 2018ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150, நான்கு கதவு பிக்கப் வண்டி, டயர் அளவு 275/65 ஆர் 18. வண்டியோடு வந்த டயர்கள் 46,000 மைலில் பட்டன் தேய்ந்து மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. ஆண்டுக்கு ஐந்தாறு முறை, சாமான் ஏற்றிய பின் 6,200 பவுண்டு வரும் டிராவல் டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை) இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு போகிறீர்கள். மற்ற நாட்களில் வண்டி அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வருகிறது. கடைக்காரர் பத்து பிளை டயர்தான் போட வேண்டும் என்கிறார், நண்பர் வந்த டயரையே மறுபடி வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர் என்கிறார். இதில் எது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. டயர் இந்தச் சுமையைத் தாங்குமா என்பது ஒன்று. பின்னால் டிரெய்லர் இருக்கும்போது வண்டி ஆட்டமில்லாமல் நேராகப் போகுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டு உறுதியாக விடை சொல்லலாம். இரண்டாவதற்கு அனுபவத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். மூவரும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள்.

நான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் தொழில்நுட்பம் படித்து, ஒஹாயோவில் ஒரு டயர் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதன்பின் டெக்சாசுக்கு வந்து டயர் வணிகத்தில் இருக்கிறேன். சொந்தமாக டிரெய்லரும் இழுக்கிறேன். கீழே எழுதுவதில் கணக்கால் நிறுவக்கூடியது எது, என் கருத்து எது என்பதை ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

டயரைப் பற்றிப் பேசுவதற்கு முன் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். வண்டியின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைத்த காற்றுதான். ரப்பரும் நைலானும் எஃகு பெல்ட்டும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பாத்திரம். பத்து பிளை என்பதும் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்பதைக் குறிக்கவில்லை. பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் அடுக்கை எண்ணி வலிமை சொன்ன வழக்கம் பெயரளவில் நிலைத்துவிட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது லோடு ரேஞ்சு என்ற எழுத்து. சி என்றால் ஆறு பிளைக்கு நிகர், காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ. வரை, டி என்றால் எட்டு பிளை, 65 வரை, ஈ என்றால் பத்து பிளை, 80 வரை. ஈ டயர் அதிகச் சுமை தாங்குவதற்குக் காரணம் அது அதிகக் காற்றைத் தாங்குவதுதான். அந்தக் காற்றை அடைக்காவிட்டால் அந்தத் திறனும் கிடையாது.

உங்கள் அளவிலேயே கணக்கைப் பார்ப்போம். வண்டியோடு வந்த பி வகை (பயணிகள் காருக்கான வகை) டயரின் பக்கச்சுவரில் 116 என்று ஒரு எண் இருக்கும். அது லோடு இண்டெக்ஸ், ஒரு டயர் தாங்கும் உச்சச் சுமைக்கான குறியெண். 1,250 கிலோ, அதாவது 2,756 பவுண்டு. பயணிகள் காருக்கான டயரைப் பிக்கப்பில் மாட்டும்போது அதன் சுமைத் திறனை 1.10 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதி. வகுத்தால் 2,505 பவுண்டு. இரண்டு பின் டயருக்குச் சேர்த்து 5,010. உங்கள் கதவுச் சட்டத்தில் பின் அச்சின் உச்ச வரம்பு 3,800 பவுண்டு என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, பழைய வகை டயரே அச்சின் வரம்பைவிட 1,200 பவுண்டு கூடுதலாகத் தாங்கும். சுமைக்காகப் பத்து பிளை கட்டாயம் என்ற கடைக்காரரின் பேச்சு உங்கள் வண்டியைப் பொறுத்தவரை தவறு. இதில் எனக்கு ஐயமில்லை.

கடைக்காரர் சொன்ன பத்து பிளை, அதாவது இலகு டிரக்குக்கான எல்டி வகை ஈ டயரை இனி எடுத்துக்கொள்வோம். அதே 275/65 ஆர் 18 அளவில் அது 80 பி.எஸ்.ஐ.யில் 3,415 பவுண்டு தாங்கும். கேட்பதற்குப் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் உங்கள் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் 35 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிறது. பல கடைகளில் ஸ்டிக்கரைப் பார்த்து 35 அடைத்து அனுப்பிவிடுவார்கள். டயர் அண்ட் ரிம் அசோசியேஷன் வெளியிடும் சுமை, காற்று அட்டவணையின்படி அந்த எல்டி டயர் 35 பி.எஸ்.ஐ.யில் 2,000 பவுண்டுகூடத் தாங்காது. 50 பி.எஸ்.ஐ. அடைத்தால்தான் 2,535 பவுண்டு. அதாவது கழற்றிப் போட்ட பழைய டயர் 35இல் தாங்கிய அளவை அது 50இல்தான் எட்டுகிறது. கூடுதல் பணம் கொடுத்து, வலுவானது என்று நம்பி வாங்கிய டயர், ஸ்டிக்கர் சொல்லும் காற்றில் பழைய டயரைவிட வலுக்குறைந்ததாகப் போய்விடுகிறது. தடித்த பக்கச்சுவர் குறைந்த காற்றில் மடங்கி மடங்கி நிமிரும்போது மெல்லிய சுவரைவிட அதிகமாகச் சூடேறும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் சொந்த வண்டியிலேயே பார்த்தேன். டெக்சாசுக்கு வந்த முதல் ஆண்டு, ஊருக்குப் புதியவன் என்பதால் அருகிலிருந்த ஒரு கடையில் எல்டி ஈ டயர் நான்கு மாட்டினேன். மறுநாள் விடியற்காலை படகு டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஐ-20 நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பினேன். காற்றைப் பார்த்தபோது நான்கிலும் 35 இருந்தது; ஸ்டிக்கரோடு பொருந்துகிறதே என்று விட்டுவிட்டேன். ஜூலை மாதம். அபிலீனில் டீசல் வாசனைக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டுப் பின் டயரின் பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்தேன். மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. முன் டயர் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. அளவுமானியில் பின் டயர் 43 காட்டியது. ஓட்டத்தில் சில புள்ளிகள் ஏறுவது இயல்பு. 35இலிருந்து எட்டுப் புள்ளி ஏறியிருந்தால் டயர் தன் சக்திக்கு மேல் உழைக்கிறது என்று பொருள். ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தி ஆறவைத்து, 55 அடைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே சூடு.

குறைந்த காற்றில் ஓடிய டயரைப் பரிசோதனைக் கூடத்தில் ரிம்மிலிருந்து பிரித்தால் உள்ளே கருப்பு மிளகுத் தூளைக் கொட்டியதுபோல ரப்பர் துகள் சிதறிக் கிடக்கும். உள்சுவரைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மடிப்பு ஓடியிருக்கும். அந்த இடத்தில் ரப்பரைத் தேய்த்தால் மாவுபோல் உதிரும். வெளியே பட்டன் புதிதாகவே இருக்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதன் அடுத்த கட்டம் எஃகு பெல்ட்டுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. டயரின் கட்டுமானக் குறையே அங்கே மூலம் என்று அரசு விசாரணை கண்டது. ஆனால் எந்த மாநிலங்களில் அதிகம் பிரிந்தன என்று பார்த்தால் டெக்சாஸ், ஃபிளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்கள் முன்னே நிற்கின்றன. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன 26 பி.எஸ்.ஐ. போதுமா, டயர்க்காரர் சொன்ன 30 வேண்டுமா என்று இரு நிறுவனங்களும் வெளிப்படையாக மோதிக்கொண்டன. வெயிலும் வேகமும் சுமையும் குறைந்த காற்றும் ஒன்றுசேர்ந்தால் டயரில் இருக்கும் சிறு குறையும் உயிரை வாங்கும் என்பதை எங்கள் துறை பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. இன்று உங்கள் டேஷ்போர்டில் எரியும் டயர் காற்று விளக்கு அதன்பின் வந்த சட்டத்தின் விளைவுதான்.

அந்த விளக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டிக்கரில் உள்ள அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும் என்பது விதி. உங்கள் வண்டியில் 35 என்றால் 26க்கு அருகே வந்தபின்தான் எரியும். எல்டி டயரில் 50 அடைத்து ஓட்டுகிறவருக்கு, ஒரு ஆணி குத்திப் பாதிக் காற்று போனபின்தான் எச்சரிக்கை வரும். டிரெய்லரோடு போகிறவருக்கு அது மிகவும் தாமதம். எஃப்-150இல் இந்த அடிப்படை அளவைக் கணினி வழியாக மாற்ற முடியும். எல்டி வாங்குவதானால் அதே நாளில் இதையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் ஒவ்வொரு பயணத்தின் காலையிலும் கையால் அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவு கணக்குக்கும் அடிப்படையாக ஓர் எண் வேண்டும்: டிரெய்லர் மாட்டியபின் உங்கள் பின் அச்சில் உண்மையில் எத்தனை பவுண்டு அழுந்துகிறது என்பது. அதைக் கணித்துச் சொல்வதைவிட நிறுத்துப் பார்ப்பது எளிது. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன் அச்சு ஒரு மேடையிலும், பின் அச்சு அடுத்ததிலும், டிரெய்லர் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்தினால் மூன்று எண்களோடு ரசீது வரும். குடும்பம் முழுவதும் வண்டிக்குள் இருக்க, தண்ணீர், கேஸ் சிலிண்டர், சமையல் பாத்திரம் எல்லாம் ஏற்றி, பயணத்துக்குக் கிளம்பும் கோலத்தில் ஒருமுறை நிறுங்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் நிறுங்கள். இரண்டு ரசீதிலும் வண்டியின் மொத்தத்துக்கு இடையே உள்ள வேறுபாடுதான் வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சில் அழுந்தும் எடை. எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்ச் வைத்திருந்தால் அதன் கம்பிகளைத் தளர்த்தி விட்டும் ஒருமுறை நிறுங்கள். அந்த ஹிட்ச் எடையில் ஒரு பகுதியை டிரெய்லரின் அச்சுக்குத் தள்ளிவிடுவதால் கம்பி மாட்டிய நிலையில் அழுந்தும் எடை குறைத்தே தெரியும்.

நிறுக்கும்போது நீங்கள் எதிர்பாராத ஒன்று தெரியவரலாம் என்று நினைக்கிறேன். டிராவல் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் அழுந்த வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 6,200 பவுண்டில் 13 சதவீதம் என்று வைத்தால் 806. ஹிட்ச்சின் சொந்த எடை 90. நீங்கள் இருவர், குழந்தைகள் இருவர், அம்மா என ஐந்து பேருக்கு 620. பின்னால் ஜெனரேட்டர், விறகு, மிதிவண்டிகள் என்று 150. கூட்டினால் 1,666. உங்கள் கதவிலுள்ள மஞ்சள் விளிம்பு ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்த்து 1,620 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இருப்பதாகச் சொன்னீர்கள். ஆகவே டயர் பிரச்சினைக்கு முன்பே வண்டி வரம்பைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. எந்த டயரும் இந்த வரம்பை உயர்த்தாது. ஸ்பிரிங், அச்சு, பிரேக் எல்லாம் அதே பழையவைதான். ஈ டயர் போட்டால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஜெனரேட்டரையும் விறகையும் டிரெய்லருக்குள் அச்சுக்கு நேர் மேலே வைப்பது உங்களுக்கு இப்போது டயரைவிடப் பயன் தரும்.

இனி இரண்டாவது கேள்வி, ஆட்டம். இங்கே என் பேச்சில் அட்டவணையின் உறுதி இருக்காது. பக்கச்சுவர் விறைப்பாக இருந்தால் பெரிய லாரி கடந்து போகும்போது பின்பகுதி பக்கவாட்டில் அசைவது குறையும். இதைப் பலரும் உணர்ந்திருக்கிறார்கள், நானும் உணர்ந்திருக்கிறேன். ஆனால் அந்த வேறுபாட்டில் எவ்வளவு டயரால் வந்தது, எவ்வளவு புதிய டயர் போட்ட கையோடு காற்றையும் ஹிட்ச்சையும் சரிபார்த்ததால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஹிட்ச்சில் எடை போதாமல் வாலாடும் டிரெய்லரை எந்த டயரும் திருத்தாது. தரமான பி வகை டயரில், வண்டியின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள், பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல், இழுக்கும் நாளில் பின் டயரில் சில பி.எஸ்.ஐ. கூட்டினாலே நல்ல மாற்றம் தெரியும். இறங்கும் இடம் வந்ததும் குறைத்துக்கொள்ளலாம்.

ஆல் டெரெய்ன் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நெடுஞ்சாலையில் இழுப்பவருக்கு ஆழமான, இடைவெளி விட்ட பட்டன் ஒரு நன்மையும் தருவதில்லை. உயரமான ரப்பர்க் கட்டிகள் பக்கவாட்டுச் சுமையில் வளைவதால் ஸ்டீயரிங்கில் ஒரு மிதப்பு தெரியும். இரைச்சலும் எடையும் கூடும். கால்நடைப் பண்ணைக்குள் சரளைக்கல் பாதையில் இருபது மைல் போகிறவர், சேற்றிலிருந்து படகை இழுத்து ஏற்றுகிறவர் வாங்கலாம். பி.எஃப். குட்ரிச் கேஓ2 போன்ற டயரில் மலையும் பனிச்செதிலும் சேர்ந்த பனி முத்திரை இருப்பது கூடுதல் தகுதி. நீங்கள் மார்ச் மாதம் கொலராடோ போவதாகச் சொன்னதால் இதைக் குறிப்பிடுகிறேன்: செப்டம்பர் முதல் மே முடிய ஐ-70 சாலையில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே அந்த மாநிலத்துக்கென்று தனி டயர் விதி உண்டு. நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் பட்டன் ஆழம் 3/16 அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) குறியோ பனி முத்திரையோ உள்ள டயர் அதே ஆழத்தோடு வேண்டும். புதிய நெடுஞ்சாலை டயர் எதுவும் இந்த ஆழத்தை எளிதில் தாண்டும்.

டயர் அளவைப் பெரிதாக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் டயரின் விட்டம் 32 அங்குலம். அதை 35 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு வண்டி ஒன்பது சதவீதம் அதிகத் தூரம் போகும், 3.55 பல்சக்கர விகிதமுள்ள பின் அச்சு 3.25 போல நடந்துகொள்ளும். இழுவை வலிமை குறையும், கியர் மாறி மாறித் தடுமாறும், டிரான்ஸ்மிஷன் சூடேறும், பிரேக்குக்கும் சுமை கூடும். இழுக்கும் வண்டிக்கு இவையெல்லாம் இழப்புதான்.

அப்படியானால் எதை வாங்குவது? உங்கள் இடத்தில் நான் இருந்து, கேட் ஸ்கேல் ரசீதில் பின் அச்சு 3,800க்குள் வந்து, பயணம் எல்லாம் தார்ச்சாலையிலேயே என்றால், வந்த அதே அளவில், 116க்குக் குறையாத லோடு இண்டெக்ஸ் கொண்ட, நெடுஞ்சாலைக்கான நல்ல பி வகை டயரை வாங்குவேன். ஆண்டில் முந்நூற்று நாற்பது நாள் காலியாக ஓடும் வண்டியில் ஈ டயர் போட்டால் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். டயர் ஒன்றுக்கு 10 பவுண்டுக்கு மேல் எடை கூடும். எரிபொருளும் கொஞ்சம் அதிகம் போகும். எவ்வளவு அதிகம் என்பது பட்டன் வடிவத்தையும் ஓட்டுகிறவரையும் பொறுத்து மிகவும் மாறுவதால் யாராவது ஒரே சதவீதமாகச் சொன்னால் நம்ப வேண்டாம். கல்லும் முள்ளும் உள்ள பாதையில் அடிக்கடி போவீர்கள் என்றால் எல்டியில் லோடு ரேஞ்சு சி ஒரு நல்ல நடுவழி, 50 பி.எஸ்.ஐ.யில் 2,535 பவுண்டு தாங்கும், பக்கச்சுவர் உறுதியானது, ஈ அளவுக்கு விறைப்பில்லை. இன்னும் ஓரிரு ஆண்டில் பெரிய டிரெய்லர் வாங்கும் எண்ணம் இருந்தாலும் அதற்காக இப்போதே ஈ டயர் வாங்க வேண்டாம். அந்த டிரெய்லருக்கு வண்டியே மாற வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் மீறி ஈ டயர்தான் என்று முடிவெடுத்தால், கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். ரிம்மின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுமையும் காற்றும் எவ்வளவு என்பது முதலாவது; டயர் தாங்கும் காற்றை ரிம்மும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, வால்வு. காருக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். அதற்கு மேல் அடைப்பதானால் உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும். எண்ணூறு, ஆயிரம் டாலர் கொடுத்து டயர் வாங்கி, சில டாலர் வால்வு பிய்த்துக்கொண்டு நடுவழியில் நிற்பவரைப் பார்த்திருக்கிறேன்; நாற்பது டிகிரி வெயிலில் குழந்தைகளை வேலியோரத்தில் உட்காரவைத்திருந்தார்.

டயரை மாட்டுவதற்கு முன் அதன் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துக் கோவையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 3124 என்றால் 2024ஆம் ஆண்டின் 31ஆம் வாரம். இரு பக்கத்தில் ஒன்றில் மட்டும் இந்த முழுக் கோவை இருக்கலாம் என்பதால் உள்பக்கமாகப் போய்விடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பட்டன் எப்படி இருந்தாலும் ஆறு ஆண்டில் மாற்றிவிடச் சொல்கிறது ஃபோர்டு. டயர் உற்பத்தியாளர் சிலர் பத்து ஆண்டை எல்லையாகச் சொல்கிறார்கள். இதில் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. டெக்சாஸ் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு ஆறு என்பதையே நான் கடைப்பிடிக்கிறேன். 2025 ஜனவரியிலிருந்து இந்த மாநிலத்தில் தனியார் வண்டிகளுக்கு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையும் இல்லை. முன்பு ஆண்டுக்கொருமுறை யாரோ ஒருவர் குனிந்து பார்த்த டயரை இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்துச் சொல்கிறேன். வண்டிக்கடியில் தொங்கும் அது 2018இலிருந்து அங்கேயே இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, டிரெய்லரின் டயர். இழுப்பவர்களிடம் நான் பார்த்த டயர் வெடிப்புகளில் பெரும்பாலானவை டிரெய்லர் பக்கம்தான். அவை டிரெய்லருக்கென்றே செய்யும் எஸ்டி வகை. வேறு வேகக் குறி இல்லாவிட்டால் மணிக்கு 65 மைல் வரைக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கு டெக்சாசில் ஐ-10இல் பலகை 80 என்கிறது, ஆஸ்டினுக்குத் தெற்கே 130ஆம் எண் சுங்கச்சாலையில் 85 என்கிறது. அந்தப் பலகைகள் உங்கள் டிரெய்லர் டயருக்காக எழுதப்பட்டவை அல்ல. எஸ்டி டயரில் பக்கச்சுவரில் எழுதிய உச்சக் காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது அடைப்பதே வழக்கம். எஸ்டி டயரைப் பிக்கப்பில் மாட்டக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அது ஸ்டீயரிங்குக்கும் இயக்கத்துக்கும் வடிவமைத்த டயர் அல்ல.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள்; நான்கு சக்கர இயக்கத்தில் தேய்ந்ததும் புதியதும் கலந்தால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும். அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். புதிய டயரோடு முதல் சில நூறு மைல் டிரெய்லர் இல்லாமல் ஓட்டுங்கள். டயரை வார்க்கும் அச்சிலிருந்து வரும் வழவழப்பு போய், உயரமான புது பட்டன் சற்றுப் பழகியபின்தான் இழுக்கும்போது வண்டி நிதானமாக நிற்கும். உங்கள் எஃப்-150க்கு வீல் நட் இறுக்கம் 150 அடி-பவுண்டு. கடையில் இயந்திரத்தால் அடித்து இறுக்கியதோடு விடாமல் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்கச் சொல்லி, முதல் 100 மைலுக்குள் மறுபடி ஒருமுறை நீங்களே இறுக்கிப் பாருங்கள். அலுமினிய ரிம்மில் ஓரிரு நட் சற்றே நகர்வதை அப்போது கையில் உணர்வீர்கள். எடைமேடை ரசீது கிடைத்ததும் அந்த மூன்று எண்களையும் டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் இருப்பதையும் இங்கே எழுதுங்கள். பின் டயரில் எத்தனை பி.எஸ்.ஐ. என்பதை அட்டவணையைப் பார்த்து உங்கள் வண்டிக்கென்றே கணக்கிட்டுத் தருகிறேன்.